"கொஞ்சம் குடித்தால் என்ன?": கர்ப்பிணித் தாயும் மதுவும்



"கொஞ்சமாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது" என்னும் சொல்லை நம் தோட்டப்புறங்களில் கேட்காதவர் இருக்க முடியாது. உடம்பு வலிக்குக் கொஞ்சம், குளிருக்குக் கொஞ்சம், சம்பள நாளுக்குக் கொஞ்சம் என்று அந்தக் 'கொஞ்சம்' நம் வீடுகளில் காலங்காலமாகக் குடியிருந்து வருகிறது. குடிப்பவர் தம் உடம்போடு மட்டும் விளையாடும்வரை அது அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் அதே சொல் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லப்படும்போது, அது இரண்டு உயிர்களைப் பற்றிய பேச்சாகி விடுகிறது. கர்ப்பிணிப் பெண் கொஞ்சம் மது அருந்தலாமா? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் ஏறக்குறைய 300 ஆண்டுகளில் பலமுறை விடையை மாற்றிச் சொல்லியிருக்கிறது. அந்த வரலாற்றையும், நம் தோட்டங்களில் இந்தச் சொல் வேரூன்றிய வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். லுக்குட் என்றதும் நமக்குத் தோட்டங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ரப்பர் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே லுக்குட் பெயர் பெற்ற ஊராக இருந்தது. ராஜா ஜுமாஅத் 1847-இல் கட்டிய கோட்டை இன்றும் குன்றின்மேல் இருக்கிறது. அது ஈயச் சுரங்கங்களின் காலம். அந்நாளைய மலாய் மாநிலங்களில் ஆட்சியாளரின் வருமானத்தில் ஒரு பெரும்பங்கு எதிலிருந்து வந்தது? ஈயத்தின் மீது விதித்த வரியிலிருந்து வந்தது. அதோடு அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டும் வந்தது. பிறகு ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்தது. 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் பாதை வந்தது. காப்பித் தோட்டங்கள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து ரப்பர் வந்தது. காடழிக்கவும் பால் வெட்டவும் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தார்கள். அவர்கள் வந்து இறங்கிய நாட்டில், போதைப் பொருள் என்பது ஏற்கெனவே அரசாங்கத்தின் கல்லாப் பெட்டியோடு கட்டிப் போடப்பட்டிருந்தது.

தோட்டத்தில் லயம் இருந்தது, கோயில் இருந்தது, ஆயாக் கொட்டகை இருந்தது. பல தோட்டங்களில் கள்ளுக்கடையும் இருந்தது. அது திருட்டுக் கடையன்று. சட்டப்படி உரிமம் பெற்று, நிர்வாகத்தின் மேற்பார்வையில் நடந்த கடை. வேலைக்காட்டிலிருந்து திரும்பும் மனிதன் நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. கடை அவன் வழியிலேயே இருந்தது. அன்றைய துரைமார்கள் இதற்குச் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். கள்ளில் 'பி' உயிர்ச்சத்து இருக்கிறது, அது தொழிலாளிக்கு நல்லது என்றார்கள். கள்ளு இல்லையென்றால் அவன் சம்சுவைத் தேடிப் போய்விடுவான், அது இதைவிடக் கெடுதல் என்றார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. கள்ளில் அந்தச் சத்து உண்டு. சம்சு கள்ளைவிடக் கொடியது. ஆயினும் அந்தச் சத்து தவிட்டிலும் பயற்றிலும் கூட உண்டு என்பதை அவர்கள் அத்தனை உரக்கச் சொல்லவில்லை. குடித்துவிட்டுக் கிடப்பவன் தோட்டத்தை விட்டு ஓடிப் போக மாட்டான், கூலி உயர்வும் கேட்க மாட்டான் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை.

நம் மக்கள் இதை உணராமல் இருந்துவிடவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முதலானோர் முன்னின்று நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள், பெண்களுக்குப் பாதுகாப்புக் கேட்டார்கள், பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள், மருத்துவ வசதி கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளோடு ஒன்றாகக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். போருக்குப் பின், 1947-இல், கெடா மாநிலத்தில் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்து போலீசாரின் தடியடிக்கு ஆளானார்கள். கல்வி, கூலி, மருத்துவம், கள்ளு ஆகிய நான்கும் ஒரே கயிற்றின் இழைகள் என்பதை அந்தத் தொழிலாளர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

ஆனால் கள்ளுக்கடைக்கு எதிராக நின்ற வீடுகளிலும் ஒரு போத்தல் தப்பித்துக் கொண்டது. அது மருந்து என்ற பெயரில் வந்த போத்தல். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சலும் குளிரும் அண்டாமல் இருக்கப் பிராந்தி, இரத்தம் ஊறக் கருப்பு பீர், சூடு தணியக் காலை நேரத்துக் கள்ளு என்று பழக்கம் ஏற்பட்டது. இதில் நம் மூதாட்டிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இங்கிலாந்தில் கின்னஸ் நிறுவனம் 1929-இல் தொடங்கிய விளம்பரமே, தன் கருப்பு பீர் உடம்புக்கு நல்லது என்பதுதான். அந்நாட்டு மருத்துவர்களே பால் கொடுக்கும் தாய்மாருக்கு அதைப் பரிந்துரைத்த காலம் அது. வெள்ளைக்கார மருத்துவர் சொன்னதைத் தோட்டத்து டிரஸ்ஸர் சொன்னார். டிரஸ்ஸர் சொன்னதை மாமியார் சொன்னார். கருப்பு நிறத்தைப் பார்த்து அதில் இரும்புச் சத்து நிறைந்திருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அதிலுள்ள இரும்பு மிகமிகச் சொற்பம். நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, இரும்பிலிருந்து அன்று.

சரி, மருத்துவ உலகம் உண்மையில் என்னதான் அறிந்திருந்தது? இதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகரத்தில் ஜின் என்னும் சாராயம் மலிந்து கிடந்தது. ஏழைப் பெண்கள் பசியை மறக்க அதைக் குடித்தார்கள். 1726-இல் இலண்டன் மருத்துவர் கழகம் நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. பலவீனமும் நோயும் கொண்ட பிள்ளைகள் பிறப்பதற்கு இந்தச் சாராயம் ஒரு காரணம் என்று அதில் எழுதினார்கள். அரசு சாராயத்தைக் கட்டுக்குள் கொண்டுவரப் பல சட்டங்கள் செய்தது. 1751-இல் வந்த சட்டத்துக்குப் பிறகே ஜின் வெள்ளம் வடியத் தொடங்கியது.

அடுத்து 1899. லிவர்பூல் நகரச் சிறைச்சாலையில் வில்லியம் சல்லிவன் என்ற மருத்துவர் இருந்தார். குடிப்பழக்கத்தால் திரும்பத் திரும்பச் சிறைக்கு வந்த 120 பெண்களின் பிள்ளைப்பேற்று வரலாற்றைச் சேகரித்தார். அவர்கள் பெற்ற 600 பிள்ளைகளில் 335 பேர் இறந்தே பிறந்தார்கள் அல்லது 2 வயது நிறையுமுன் இறந்தார்கள். அந்தப் பெண்கள் சிலரின் உறவினரில் குடிக்காத பெண்களையும் அவர் கணக்கெடுத்தார். ஒரே குடும்பம், ஒரே வறுமை. ஆனால் அங்கே இறந்த பிள்ளைகள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்னொன்றையும் சல்லிவன் கண்டார். கர்ப்ப காலத்தில் சிறையில் அடைபட்டு, குடிக்க வழியில்லாமல் போன பெண்ணுக்கு நலமான பிள்ளை பிறந்தது. வெளியே இருந்தபோது பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்குச் சிறையே காவலாக அமைந்தது.

இவ்வளவு தெளிவான செய்தி மறந்து போகுமா என்று நீங்கள் கேட்கலாம். மறந்துதான் போனது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது தோல்வியில் முடிந்ததும், மதுவைப் பற்றி எச்சரிப்பவர் எல்லாரும் பழைய மதுவிலக்குப் பிரசாரகர் என்ற ஏளனம் பிறந்தது. 1940-களில் அங்குள்ள பெயர்பெற்ற அறிஞர்களே, மது கருவைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை, குடிகாரர் வீட்டு வறுமைதான் காரணம் என்று எழுதினார்கள். 1960-களில் இன்னும் ஒருபடி மேலே போனது. குறைமாதத்தில் வலி கண்ட பெண்களுக்கு வலியை நிறுத்துவதற்காக மதுச்சாரத்தை ஊசி வழியே இரத்தத்தில் செலுத்தும் சிகிச்சையை நியூயார்க்கில் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மருத்துவர் கொண்டு வந்தார். 1970-களில் பல நாட்டு மருத்துவமனைகளில் அது நடைமுறையில் இருந்தது. கர்ப்பிணிக்குக் கொஞ்சம் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று நம் மக்கள் நம்பியதில் வியப்பென்ன? மருத்துவமனையே அதை மருந்தாகக் கொடுத்த காலமல்லவா அது!

திருப்பம் இரண்டு இடங்களில் ஏற்பட்டது. பிரான்சு நாட்டில் நாந்த் நகரத்தைச் சேர்ந்த பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், மிகுதியாகக் குடித்த பெற்றோரின் 127 பிள்ளைகளை ஆராய்ந்து 1968-இல் எழுதினார். அந்தப் பிள்ளைகளின் முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன, வளர்ச்சி குன்றியிருந்தது, அறிவு வளர்ச்சியும் பின்தங்கியிருந்தது. அவர் பிரெஞ்சில் எழுதியதை உலகம் கவனிக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள், குடிப்பழக்கமுள்ள தாய்மாருக்குப் பிறந்த 8 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த பிள்ளைகள். ஆயினும் ஒரே அடையாளங்கள். சிறிய கண்கள், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளம் இல்லாத தட்டையான தோல், மெல்லிய மேலுதடு, சிறிய தலை. இந்தக் கோளாற்றுக்குக் 'கரு மதுப் பாதிப்பு' என்ற பொருளில் அவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்த பிறகுதான் உலகம் அந்த நோயைப் பார்க்கத் தொடங்கியது.

பாதிப்பு எப்படி நிகழ்கிறது என்பதையும் எளிதாகச் சொல்லிவிடலாம். தாய் அருந்தும் மது அவள் இரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. அது நேரே பிள்ளையின் இரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. தாயின் கல்லீரல் மதுவை முறித்து வெளியேற்றும். பிள்ளையின் கல்லீரலோ இன்னும் முற்றாத பிஞ்சு. முகமும் இதயமும் முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே உருவாகின்றன. மூளை மட்டும் ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே இந்த மாதம் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க மாதம் ஒன்றும் இல்லை. முகத்தில் எந்த அடையாளமும் இல்லாத பிள்ளைக்கும் மூளையில் பாதிப்பு இருக்கக்கூடும் என்பது பின்னாளில் தெரிய வந்தது. அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் கவனமாக உட்கார முடியாமல், சொன்னதை மறந்து, கணக்குப் போடத் தெரியாமல் திணறும். நாமோ மண்டு என்றும் முரடு என்றும் அதை அடித்திருப்போம்.

மிகுதியாகக் குடிப்பது கேடு என்பதில் 1973-க்குப் பிறகு ஐயம் இல்லை. இனி, நம் தலைப்பில் உள்ள 'கொஞ்சம்' என்பதற்கு வருவோம். அதைப் பற்றிய ஆலோசனையும் படிப்படியாகத்தான் மாறியது. 1977-இல் அமெரிக்க அரசு, நாளொன்றுக்கு இரண்டு கோப்பைக்கு மேற்பட்டால் எச்சரிக்கை வேண்டும் என்றது. 1981-இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி, கர்ப்பிணிகள் குடிக்கவே வேண்டாம் என்றார். 1989 முதல் அங்கே மதுப் போத்தல்களில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை அச்சாகி வருகிறது. பிரிட்டனில் 2008-இல் கூட, முதல் 3 மாதம் தவிர்த்துவிட்டு, குடித்தே தீருவதானால் வாரத்தில் ஓரிரு முறை மிகச் சிறிதளவு என்று இடம் கொடுத்திருந்தார்கள். 2016-இல் அந்த இடத்தையும் எடுத்துவிட்டு, அறவே வேண்டாம் என்று மாற்றினார்கள்.

இந்த மாற்றத்தை எல்லா அறிஞர்களும் வரவேற்கவில்லை. அவர்கள் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். டென்மார்க்கில் சுமார் 1,600 தாய்மாரையும் அவர்களின் 5 வயதுப் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். சிறிதளவு குடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் அறிவிலோ கவனத்திலோ குறிப்பிடத்தக்க குறை காணப்படவில்லை. இதைக் காட்டி, ஒரு வாய் குடித்ததற்காகப் பெண்களைக் குற்றவாளிபோல் பயமுறுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த டென்மார்க் ஆய்வாளர்களே, குடிக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று சேர்த்துச் சொன்னார்கள். 2017-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், சிறிதளவு குடிப்பது பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தேடியபோது, தகுதியுள்ளவையாக 26 மட்டுமே கிடைத்தன. குழந்தை எடை குறைந்து பிறக்கலாம் என்பதற்குச் சிறிது சான்று இருந்தது. மற்றவற்றில் உறுதியாகச் சொல்லப் போதிய ஆராய்ச்சி இல்லை. கேடு நிரூபிக்கப்படவில்லை என்பது வேறு, கேடு இல்லை என்று நிரூபிக்கப்பட்டது என்பது வேறு. இருட்டில் பாம்பு தென்படவில்லை என்பதற்காகப் பாம்பே இல்லை என்று காலை வைக்கலாமா?

மேலும், டென்மார்க் பெண்ணின் 'கொஞ்சம்' ஒன்று. தோட்டத்துப் பெண்ணின் 'கொஞ்சம்' மற்றொன்று. அவள் நல்ல உணவு உண்டு, அளவுக் கோப்பையில் ஊற்றிக் குடித்தாள். நம் அளவு என்ன? கள்ளை எடுத்துக் கொள்ளுங்கள். இறக்கியவுடன் இனிப்பாக இருக்கும் பதநீரில் மதுச்சாரம் ஏறக்குறைய இல்லை. வெயில் ஏற ஏற அது புளித்து, பிற்பகலில் பீர் அளவுக்கு ஏறிவிடும். ஒரே குவளைதான்; காலையில் ஓர் அளவு, மாலையில் வேறோர் அளவு. இன்னொரு கணக்கும் பாருங்கள். 640 மில்லி பீர்ப் போத்தலில் மதுச்சாரம் 5 விழுக்காடு என்றால், அதில் இருப்பது சுமார் 25 கிராம். 150 மில்லி சம்சுப் போத்தலில் 37 விழுக்காடு என்றால், அதில் இருப்பது சுமார் 44 கிராம். கையில் அடங்கும் சிறு போத்தலுக்குள் பெரிய போத்தலைவிட ஒன்றே முக்கால் மடங்கு மது! பார்வைக்குக் 'கொஞ்சம்', வயிற்றுப் பிள்ளைக்கு அது கொஞ்சமன்று.

உணவு குறைந்த உடம்பில் மதுவின் கேடு இன்னும் கூடுதல் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு பாடம். அங்கே கேப் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில், கூலியின் ஒரு பகுதியை மலிவான திராட்சை மதுவாகவே நாள்தோறும் ஊற்றிக் கொடுக்கும் 'டோப்' முறை நெடுங்காலம் இருந்தது. சட்டம் தடை செய்த பின்னும் அது எளிதில் ஒழியவில்லை. 1990-களின் இறுதியில் அவ்வட்டாரத்து ஊர் ஒன்றில் முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஆயிரத்துக்கு 40-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கரு மதுப் பாதிப்பு இருந்தது. உலகில் அதுவரை எங்கும் காணாத அளவு அது. அந்தத் தாய்மாரில் பலர் போதிய உணவில்லாத, மெலிந்த தோட்டத் தொழிலாளிகள். குடியைக் கொடுத்தவன் முதலாளி, குடித்தவள் தாய், அனுபவித்தது பிள்ளை. நம் தோட்ட வரலாற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே 'ஏற்கத்தக்க ஆபத்து' என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆபத்தைச் சுமப்பவர் அதற்கு ஒப்புக்கொண்டாரா? அதனால் அவருக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா? பால்மரத்தடிக்குப் போகிறவன் பாம்புக்கும் மழைக்கும் துணிந்துதான் போகிறான். அதற்குக் கூலி உண்டு. வயிற்றுப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அதற்கு ஆதாயமும் இல்லை. இரத்தம் ஊற வேண்டுமா? முருங்கைக் கீரை, முட்டை, நெத்திலி, பயறு இருக்கின்றன. மகப்பேற்றுக் கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். உடம்பு வலியா? ஓய்வு வேண்டும். கருப்பு பீர் செய்வதாகச் சொல்லும் எந்த வேலையையும் அதைவிட நன்றாகச் செய்ய வேறு பொருள் உண்டு. பிறந்த பின்பும் பிராந்தி வேண்டாம். தாய் அருந்தும் மது பாலிலும் கலக்கும். அப்போது குழந்தை குறைவாகவே பால் குடிக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1991-இல் கண்டறிந்தார்கள். பால் ஊறும் என்று கொடுத்த பானமே பால் குடியைக் குறைத்தது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கர்ப்பம் என்று தெரியுமுன் ஏதோ ஒரு விசேஷத்தில் சிறிது குடித்துவிட்டோமே என்று கலங்கும் தாய்மார்கள் இருப்பார்கள். அவர்கள் அஞ்சி ஒடுங்க வேண்டாம். அப்படிச் சிறிது குடித்தவர்களில் மிகப் பலர் நலமான பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள். தெரிந்த நாளிலேயே நிறுத்திவிடுங்கள். கிளினிக்கில் மிஸ்ஸியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அன்று முதல் பிள்ளைக்கு நன்மைதான். லிவர்பூல் சிறைச்சாலை நமக்குக் கற்பித்த பாடம் அதுவே. விட முடியாத அளவுக்குப் பழகிப் போனவர் திடீரென்று தாமாக நிறுத்தாமல் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். அது வெட்கப்பட வேண்டிய செய்தியன்று, சிகிச்சைக்குரிய நோய்.

ஆண்களுக்கும் ஒரு சொல். மனைவி பிள்ளையைச் சுமக்கும் ஒன்பது மாதமும் வீட்டுக்குள் போத்தல் வராமல் இருக்குமானால், அவளுக்கு 'ஒரு வாய்' கொடுக்கவும் வழியிராது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனுக்குப் பயந்து, அவனோடு சேர்ந்து குடித்த பெண்களும் நம் லயங்களில் இருந்ததுண்டு. அவர்களைப் பழிப்பது எளிது. போத்தலை வாசலிலேயே நிறுத்துவதுதான் ஆண்மை.

இன்று லுக்குட் பக்கத்தில் பால்மரம் இருந்த பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. கடை போயிற்று, அது விட்டுச் சென்ற சொல் மட்டும் போகவில்லை. "கொஞ்சம் குடித்தால் என்ன?" என்று அடுத்த முறை யாரேனும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் கேட்டால், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று உலகில் எந்த மருத்துவராலும் அளந்து சொல்ல முடியவில்லை என்று பதில் சொல்லுங்கள். 1941-லும் 1947-லும் நம் பெரியவர்கள் கடை வாசலில் நின்று செய்த மறியலை, இனி நம் வீட்டு வாசலில் நாம் செய்ய வேண்டியிருக்கிறது.